கையைப் பிடித்ததைக் ‘கைப்பிடித்தார்’ என்று எழுதியமை பற்றி

அனுப்புநர்:
இ. லீலாதேவி,
தமிழாசிரியை,
பசறை.

பெறுநர்:
தொழில் உதவி ஆணையாளர் அவர்கள்,
மாவட்டத் தொழில் அலுவலகம்,
பதுளை.

விடயம்: பனிமலைத் தோட்டத் தொழிலாளி விஜயலெட்சுமியின் பாலியல் தொந்தரவு முறைப்பாடு விசாரிக்கப்படாமல் மூடப்பட்டமை

மதிப்பிற்குரிய ஐயா,

1. விஜயலெட்சுமி என் மாணவி ஒருத்தியின் தாய். கடந்த பெப்ரவரி 18ஆம் திகதி, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டிலில் வெளிக்கள உத்தியோகத்தர் நிமலன் அவரிடம் முறைகேடாக நடந்துகொண்டார். “பின்னுக்கு வந்து நின்னு கையப் புடிச்சாருங்க டீச்சர். வுடுங்கன்னேன், சிரிக்கிறாரு” என்பதே அவர் என்னிடம் சொன்னது.

2. முறைப்பாட்டை எழுதிக் கொடுத்தவள் நான். நல்ல தமிழில் இருக்கட்டும் என்று, “என் விருப்பமின்றி என்னைக் கைப்பிடித்தார்” என எழுதினேன். இருபத்திரண்டு வருடங்களாகத் தமிழ் கற்பிக்கிறேன். அச்சொல்லுக்கு மணமுடித்தல் என்று பொருள் என்பது எழுதும்போது எனக்கு உறைக்கவில்லை.

3. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் அதைச் சிங்களத்தில் மொழிபெயர்த்து வாசித்தது. ஏப்ரல் 9ஆம் திகதி பதில் வந்தது: இது கணவன் மனைவிக்கிடையிலான பிணக்கு, நிர்வாகம் தலையிடாது. விஜயலெட்சுமியை ஒருவரும் அழைத்துக் கேட்கவில்லை. அவரையும் நிமலனையும் தினமும் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் பார்க்கும் தோட்ட முகாமையாளர் அந்தக் கடிதத்தில் ஒப்பமிட்டிருக்கிறார். ஆகவே அவர்கள் ஏமாந்தார்கள் என்று நான் நம்பவில்லை. வசதியான ஒரு சொல்லை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

4. அந்தப் பதில் காலைப் பெரட்டில் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்பட்டது. அன்றுமுதல் கொழுந்து மலையில் விஜயலெட்சுமிக்குப் பெயர் ‘புதுப்பொண்ணு’. “ஏ புதுப்பொண்ணு, மாப்புள நிறுக்கக் கூப்புடுறாரு, வெரசாப் போ” என்று சக பெண்களே சிரிக்கிறார்கள். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் அவருடைய கணவர் மாடசாமி தொலைபேசியில் ஒரேயொரு கேள்வி கேட்டாராம். பிறகு அவர் அழைக்கவில்லை.

5. நிமலன் இன்றும் அதே கொட்டிலில்தான் நிற்கிறார். பயமாக இருந்தால் கீழ்ப்பிரிவுக்கு வேலைக்குப் போகலாம் என்று விஜயலெட்சுமிக்குச் சொல்லப்பட்டுள்ளது. போக ஐந்து கிலோமீற்றர் நடை, வர ஐந்து. இடம் மாறவேண்டியவர் யார் என்பதில் நிர்வாகத்துக்குக் குழப்பம் இருப்பதாகத் தெரிகிறது.

6. பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு செய்தவரைப் பற்றியது. அதற்குப் பொலிஸ் இருக்கிறது. நான் தங்களிடம் வருவது தொழில்தருநரின் கடமை பற்றி. தொந்தரவைத் தடுப்பதும் முறைப்பாட்டை நேரில் விசாரிப்பதும் தமது பொறுப்பு என நிறுவனமே தொழிற்சாலை வாசலில் அறிவித்தல் ஒட்டியுள்ளது, ஆங்கிலத்திலும் சிங்களத்திலும். கொழுந்து பறிக்கும் பெண்களால் அதை வாசிக்க முடியாது.

7. முறைப்பாட்டை மீளத் திறந்து விஜயலெட்சுமியைத் தமிழில் விசாரிக்கவும், அது முடியும்வரை நிமலனை அந்தக் கொட்டிலிலிருந்து அகற்றவும், முன்னைய பதில் பிழையானது என்று அதே பெரட்டில் வாசிக்கவும் நிர்வாகத்துக்குப் பணிக்குமாறு வேண்டுகிறேன். மூன்றாவதை அவர் தானாகக் கேட்டார். மற்ற இரண்டையும்விட அதுவே அவருக்கு முக்கியம்.

8. இப்படியான கடிதங்களுக்கு என்ன நடக்கும் என்பது எனக்கு ஓரளவு தெரியும். ஆனாலும் பிழை என்னுடையது என்பதால் எழுதுகிறேன். அவருடைய புதிய வாக்குமூலத்தை இணைத்துள்ளேன். “இந்தவாட்டி நான் சொல்ற மாதிரியே எழுதுங்க டீச்சர்” என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன். கொச்சையாகத் தோன்றினாலும் தயவுசெய்து யாரும் அதைத் திருத்தவேண்டாம். பதிலை எனக்கல்ல, அவருக்கு அனுப்பவும்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
இ. லீலாதேவி
(ஒப்பம்)

இடம்: பசறை
திகதி: 2025.05.06