எபிசோட் பதினேழு: டார்ச் அண்ணன்

ஜூன் 6, வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. எபிசோட் 17 இன்றே முடித்தாக வேண்டும். டேப்லெட் மறுபடியும் மக்கர். வரைகிற ஆப்பில் தமிழ் அடித்தால் கொம்பு ஒரு பக்கம் ஓடுகிறது, கால் ஒரு பக்கம் ஓடுகிறது. கடைசியில் வசனம் முழுக்கக் கையாலேயே எழுதினேன். மணிக்கட்டு போச்சு.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு: "அங்க உக்காந்து டிக்கெட் குடுக்கறது பத்தாதுன்னு, இங்க வந்து அதையே வரையணுமா?" பதில் சொன்னால் கல்யாணப் பேச்சில் போய் நிற்கும்.

'கிழிச்ச டிக்கெட்', நெட்டில் நான் போடும் படக்கதை. இதுவரை பதினாறு எபிசோட். எல்லாம் கேரள எல்லையில் இருக்கும் எங்கள் கஞ்சிக்கோடு தியேட்டர் கதைதான். பாப்கார்ன் மெஷின் புகைந்தது, ஏசி சண்டை, கட்-அவுட்டுக்குப் பால் ஊற்ற ஏறி இறங்கத் தெரியாமல் தொங்கிய ரசிகர். வரைவது யார் என்று போடுவதில்லை. தியேட்டரில் ஒருவருக்கும் தெரியாது. அப்படியே இருக்கட்டும்.

17-இல் ரங்கண்ணன். உள்ளே டார்ச் அடித்து சீட் காட்டுபவர். ஃபாக்டரி ஷிஃப்ட் விடுவது ஆறு மணிக்கு, எங்கள் மாலை ஷோ ஆறேகாலுக்கு. அவர்கள் குளித்துச் சட்டை மாற்றி வருவதற்குள் இருபது நிமிடப் படம் போயிருக்கும். அதற்கு அண்ணன் வைத்திருக்கும் ஏற்பாடு: கதவிலிருந்து சீட்டுக்கு நடக்கும்போதே, போன கதையைக் காதில் சொல்லிவிடுவார். பின்வரிசைக்கு ரெண்டு வரி. முன்வரிசைக்கு நடை அதிகம், அதனால் நாலு வரி. தமிழில், மலையாளத்தில், ஒடிசாக்காரர்களுக்கு ஓட்டை இந்தியில்.

"பெரியவனைக் கொன்னுட்டாங்க. சின்னவன் ஊருக்கு வந்துட்டான். புள்ளய இன்னும் பாக்கல. குனிஞ்சு போங்க."

அதை அப்படியே வரைந்தேன். காது நன்றாக வந்திருக்கிறது. மூன்றரைக்குப் போட்டுவிட்டு டூட்டிக்கு ஓட்டம். குடை மறந்தாச்சு.

ஜூன் 7, சனி

அட ஆண்டவா. எங்கே பார்த்தாலும் 17. எங்கள் அத்தாவின் துணிக்கடையில் வேலை செய்கிறவரே எனக்கு அனுப்பி, "இது உங்க தியேட்டரா பாப்பா?" என்கிறார்.

கமெண்ட்: 'மலையாளத்துல போடு.' அதற்குக் கீழே: 'ஏன் போடணும்?' அதற்குக் கீழே நாற்பது பேர் அடிதடி. படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒருத்தர் மட்டும், 'டார்ச் பிடிக்கும் கையில் ஆறு விரல்.' எண்ணிப் பார்த்தேன். ஆறுதான். சனியன்.

ஜூன் 8, ஞாயிறு

காலேஜ் பசங்க. வாளையார் செக்போஸ்ட் தாண்டி பைக்கில் வந்திருக்கிறார்கள். ஆறு மணிக்கே டிக்கெட் வாங்கியாச்சு. உள்ளே போகவில்லை. கேண்டீனில் உட்கார்ந்து பஜ்ஜி தின்கிறார்கள். கேட்டால், "லேட்டா போனாத்தானுங்கக்கா அவரு கதை சொல்லுவாரு."

கேண்டீன் செல்வி அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "டெய்லி இப்புடி வந்தா நல்லாருக்குமுல்ல?"

ஆறே முக்காலுக்கு மொத்தமாக எழுந்து கதவுக்குப் போனார்கள். ஆளுக்கொரு ஃபோன், எல்லாம் அண்ணன் முகத்துக்கு நேராக. அவர் டார்ச்சை அணைத்துவிட்டு நின்றாராம். பின்னால் நிஜமாகவே ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் இருட்டில் தடவித் தடவி. பிரதீப் (ஒடிசாக்காரர், வெள்ளிக்கிழமை தவறாமல் வருபவர், இந்த வாரம் ஞாயிறும்) படியில் தடுக்கி விழுந்தார். முட்டியில் சிராய்ப்பு.

தியேட்டரையே இதுவரை சரியாகப் பார்க்காத ஜனம், என் படத்தைப் பார்த்துவிட்டு தியேட்டர் பார்க்க வருகிறது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்துக்கொண்டேன்.

ஜூன் 9, திங்கள்

நினைத்தது நடந்தது. விநியோகஸ்தர் ஆள் புகார். ஹாலுக்குள் ஃபோன் பிடித்தார்கள், கதை வெளியே போகிறது, கேஸ் ஆகும் என்று. மேனேஜர் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். மனுஷன் பாலக்காட்டுக்காரர், கோபம் வந்தால் பாதி மலையாளம்.

"ரங்கசாமி, இனி உள்ளே வாய் திறக்கண்டா. டார்ச் மட்டும் மதி. ஒரு வார்த்தை கேட்டா, நாளைக்கு வேற ஆள். மனசிலாயோ?"

"சரிங்க சார்."

அவ்வளவுதான் சொன்னார். எதிர்த்துப் பேசுவார் என்று நினைத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

மழை. மாதாந்திர வயிற்று வலி. கவுண்டர் ஃபேன் சுற்றவில்லை.

அண்ணன் ஜன்னலுக்கு வந்தார். "அம்மிணி, நீங்க ஃபோனுல எல்லாம் பாக்கறவீங்க. அந்தப் படத்தைப் போட்டவன் ஆருன்னு கண்டுபுடிச்சுச் சொல்லுங்க. ரெண்டு வார்த்தை கேக்கோணும்."

நான்: "பாக்கறேண்ணா."

பாக்கறேண்ணாவாம். ச்சீ. என்ன பிறவி நான்.

17-ஐ அழித்துவிட்டேன். பிரயோசனம் இல்லை. ஊரெல்லாம் சுற்றுகிறது.

ஜூன் 11, புதன்

சொல்லிவிட்டேன். சைக்கிள் ஷெட்டில் டார்ச்சுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார்.

"அது நான்தாண்ணா."

"எது?"

"அந்தப் படம். வரைஞ்சது நான்தான். கெட்ட எண்ணம் இல்லண்ணா. நீங்க பண்றது எனக்கு அவ்வளவு புடிக்கும், அதான்."

பேட்டரி மூடியைத் திருகி முடித்தார். ஒருமுறை அடித்துப் பார்த்தார். எரிந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கலாமுங்க."

போய்விட்டார். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஜூன் 12, வியாழன்

"மேடம், லேடீஸ் பாத்ரூம் பல்பு போயிருச்சுங்க. மேனேஜர் கிட்ட சொல்லிருங்க."

மேடம்! மூன்று வருஷமாக ரங்கண்ணனுக்கு நான் அம்மிணி. இன்று மேடம். சாயங்காலம் வரை எல்லாரிடமும் சிடுசிடு. செல்வி அக்கா கொண்டுவந்த டீயைக்கூடத் திருப்பி அனுப்பினேன். அப்புறம் நானே போய் வாங்கிக் குடித்தேன்.

ஜூன் 13, வெள்ளி

புதுப் படம். அடிதடிப் படம்தான், ஆனால் முதல் இருபது நிமிடத்தில் என்னென்னவோ வைத்திருக்கிறார்களாம். லேட்டாக வந்தவர்களுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. இடைவேளையில் பிரதீப் கவுண்டருக்கு வந்து, "டார்ச் பையா ஏன் பேசறது இல்ல? நம்ம மேல கோபமா?"

இல்லை என்றேன். பாதிப் படத்தில் நாலு பேர் எழுந்து ரூமுக்குப் போய்விட்டார்கள். இவர்களுக்கு வாரத்துக்கு இது ஒன்றுதான். அதையும் நான் கெடுத்தேன்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் ஒரு யோசனை. கதையைச் சொல்லத்தானே கூடாது? மூன்று கட்டம் வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து, லேட் டிக்கெட்டோடு கொடுத்தால்? எழுத்தே வேண்டாம். எந்த ஊர்க்காரருக்கும் புரியும். கொம்பும் ஓடாது.

ஜூன் 14, சனி

கொடுத்தேன். ஆனால் படத்தின் தொடக்கத்தை நான் எங்கே பார்த்தேன்? அந்த நேரம் முழுக்கக் கவுண்டரில். டிரெய்லரைப் பார்த்து வரைந்தேன். அண்ணன்காரன் வில்லன், தம்பி ஹீரோ. இது கூடத் தெரியாதா என்று ஒரு திமிர்.

உள்ளே தாளைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்களாம். ரங்கண்ணன் ஒன்றும் பேசாமல் டார்ச்சைத் தாளின் மேல் அடித்தாராம். நடந்துகொண்டே பார்த்திருக்கிறார்கள். செல்வி அக்கா கதவிடுக்கில் பார்த்துவிட்டு வந்து சொன்னது. கேட்டதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

இடைவேளை வரைதான் அந்த ஜோர். பிரதீப் வந்து தாளை ஜன்னலில் வைத்தார். "தீதீ, அக்கா, இது தப்பு. நாங்க எல்லாம் வில்லனுக்குக் கை தட்டி. பக்கத்து சீட் ஆள் திட்டி."

போதும். நாளையிலிருந்து வரைவதே இல்லை. சமையல் கற்றுக்கொள்கிறேன். அம்மாவுக்காவது சந்தோஷம்.

ஜூன் 15, ஞாயிறு

மழை விட்டது. வெயிலும் இல்லை. கவுண்டரில் உட்கார்ந்து வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

6.36. ஜன்னல் கண்ணாடியில் டொக் டொக். டார்ச்சால் தட்டுகிறார் ரங்கண்ணன். கோபம் மூக்கு நுனியில்.

"அண்ணங்காரன் வில்லன் இல்லீங்க! அவன் போலீசு. வேசம் கட்டி உள்ள போயிருக்கறான். அத்தனை சனமும் தப்பான ஆளுக்குக் கை தட்டுது, நான் வாயைப் பொத்திட்டு நிக்கறேன். எப்புடிங்க நிக்கறது?"

"எனக்கு எப்படித் தெரியும்ணா? நான் இங்க இருக்கேன். நீங்க சொன்னாத்தானே?"

"சொல்லக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்கல்ல."

"உள்ளதானே சொல்லக் கூடாது? இது கவுண்டர்."

திரும்பி மேனேஜர் ரூமைப் பார்த்தார். மேனேஜர் ஃபோனில்.

"இது நெட்டுல போகாதுண்ணா. உங்களக் கேக்காம ஒரு கோடு கூடப் போகாது."

அண்ணன் டார்ச்சை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். கேட்டில் பிரதீப்பும் இன்னும் நாலு பேரும், குளித்த தலை ஈரம் காயாமல், ஓட்டமாக வருகிறார்கள்.

"மூணு கட்டம் பத்தாதுங்க. நாலு போடுங்க அம்மிணி. மொதக் கட்டத்துல ரயிலு."

பென்சில். இப்போதுதான் இங்கே வைத்தேன், எங்கே போச்சு பென்சில்?