மூக்கால் குடிக்கிற ஊர்

பிரான்ஸ்
12.10.1996

அம்மணி மரகதம்,

எனக்கு மேலுக்கு ஒரு குறையுமில்லை. நீ சுகந்தானே? அம்மாவின் முட்டிவலி தேவலையா?

மில்லுக்கு வாங்கும் மெஷினைப் பழக வந்த என்னை, ஞாயிறன்று அதைச் செய்கிற கம்பெனியின் முதலாளி தன் திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். நூறு வயதுக் கொடிகளாம். கொடிக்கு நாலு குலைதான். தொண்டாமுத்தூரில் உங்கள் திராட்சைப் பந்தல் இப்படிக் காய்த்திருந்தால் உங்கப்பா அன்றைக்கே வேரோடு பிடுங்கியிருப்பார். அதில் வடித்த சிவப்பு ஒயினுக்கு இத்தனை பவுசு! ஆட்டுக்கறியோடு குடித்தால்தான் எடுபடுமாம். கறியிலோ உப்பைத் தவிர ஒன்றுமில்லை.

நான் வழக்கம்போல் கிளாசில் வாய் படாமல் அண்ணாந்து ஊற்றினேன். வெள்ளைச் சட்டையெல்லாம் கறை. முதலாளி பதறிப்போய், மூக்கைக் கிளாசுக்குள் விட்டு முதலில் மோந்து பார்க்க வேண்டுமென்று இங்கிலீஷில் பாடம் எடுத்தார். மோந்து, கொப்பளித்து, வாளியில் துப்புகிறார்கள். இதற்குப் பெயர் ருசி பார்ப்பதாம்!

"ஏனுங்க, துப்பறதுக்கா இத்தனை பாடு?" என்று தமிழிலேயே கேட்டுப்போட்டேன். யாருக்கும் புரியவில்லை.

கறை போக வழி எழுது. கொள்ளுப் பொடி அரைத்து அனுப்பு. நீ தந்தது தீர்ந்து மூன்று வாரம். டப்பாவைக் கழுவ மனசு வரவில்லை. தினமும் அதற்குள் மூக்கை விட்டு மோந்த பிறகுதான் இந்த ஊர் ரொட்டி இறங்குகிறது.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. டப்பாவை மூடிவிட்டுக் கிளம்புகிறேன்.

தம்பிதுரை