மாமனார் பேர் வெட்டிய பாத்திரங்கள்

1960 பிப்ரவரி 18, வியாழன். நகரி.

வத்தல் குழம்பு வைத்தேன். கல்சட்டியை இறக்கி, இலை போட்டு, நீர் தெளித்து, மூத்தார் — என் வீட்டுக்காரரின் அண்ணன் — வந்து உட்காரும் வரைக்கும் உள்ளே கொதி அடங்கவில்லை. இந்தச் சட்டியில் வைத்த குழம்பு மூன்றாம் நாளும் கெடாது. மூன்றாம் நாள்தான் ருசியே.

கீழத்தெரு சிட்டிபாபு வீட்டில் காது குத்து. பெரிய அண்டா 1, கங்காளம் 1, ஜல்லிக்கரண்டி 2 போயின. எழுதிக்கொண்டேன். மகள் சுலோசனாவின் போன வருஷத்து நோட்டில் மிச்சமான தாள்கள்: முன்பக்கம் பாத்திரக் கணக்கு, பின்பக்கத்திலிருந்து இது.

மாமனார் காலத்திலிருந்தே இந்த வீட்டு அண்டா போகாமல் தெருவில் விசேஷம் கிடையாது. திரும்பி வரும்போது வெறுமனே வராது. ஒரு பிடி அரிசியோ நாலு வெற்றிலையோ உள்ளே இருக்கும். எல்லாவற்றிலும் ‘ச. கன்னையா’ என்று அவர் பேர் வெட்டியிருக்கிறது. நான் கல்யாணமாகி வந்த வாரம், அம்மா சீராகக் கொடுத்த பதினாறு உருப்படியையும் கூடத்தில் வரிசையாக வைத்து, ஆளை வரவழைத்து, அவர் பேரையே வெட்டச் சொன்னார். “இனிமே நீ எங்க வூட்டுப் பொண்ணு. இதுவும் எங்க வூட்டுதுதான்” என்றார். எனக்கு அவ்வளவு பெருமை. வெட்ட வந்தவனுக்கு மோர் கரைத்துக் கொடுத்தது நான்தான்.

மார்ச் 6, ஞாயிறு

என் வீட்டுக்காரர் திருத்தணியிலிருந்து வந்தார். ஏப்ரலில் திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போகிறது, நகரி ஆந்திராவிலேயே நிற்கிறது. அவர் வேலை பார்க்கிற தாலுகா ஆபீசில் எல்லோரிடமும் எந்தப் பக்கம் என்று எழுதி வாங்குகிறார்களாம். அவர் மெட்ராஸ் என்று கொடுத்துவிட்டார்.

“எப்ப கெளம்பறோம்?” என்றேன்.

“நான் போறேன். நீ இங்கயே இரு.”

காரணம் சொன்னார். மாமனார் போய் இரண்டு வருஷம். நிலம் பிரிந்தாயிற்று, வீடும் வீட்டில் உள்ளதும் பிரியவில்லை. நாங்கள் இரண்டு பேருமே வெளியேறிவிட்டால் அண்ணன் பூட்டிக்கொள்வார், அப்புறம் ஒரு கரண்டிகூட வராது. “நீ இருக்கற வரைக்கும் நம்ம பாகம் இருக்குது” என்றார்.

பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறார்களே, அந்தத் துண்டு நான். போட்டவர் ஏறி வந்து உட்காரும்போது எடுத்துக்கொள்வார். எப்போது ஏறுவார்? கேட்கவில்லை.

ஏப்ரல் 1

இன்று முதல் திருத்தணி மெட்ராஸ். முருகன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். விளக்கேற்றியபோது எந்தத் திசையில் கும்பிடுவது என்று ஒரு நொடி யோசித்தேன். பைத்தியம்.

மே 14

அவரைப் பொன்னேரிக்குப் போட்டிருக்கிறார்கள். அரக்கோணத்தில் ஒரு தரம் மாறி, மெட்ராசில் ஒரு தரம் மாறிப் போகவேண்டுமாம்.

ஜூன் 5, ஞாயிறு

சுலோசனாவையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். இங்கே தமிழ் வகுப்பு எத்தனை நாள் இருக்கும் என்று யாருக்கும் தெரியாதாம், அங்கே ஏழாவது சேர்க்கிறாராம். சொன்னது நேற்று. துணி மடிக்க எனக்கு ஒரு பொழுதுதான் கிடைத்தது.

பன்னிரண்டு வயசுப் பெண். தனக்குத் தலை பின்னிக்கொள்ளத் தெரியாது. யார் பின்னி விடுவாங்க? இதை ஏன் அவர்கிட்ட நான் கேக்கல? வாயில இன்னா இருந்துச்சு எனக்கு?

வழிக்குத் தீனி கட்டிக் கொடுக்க முறுக்கு பிழிந்தேன். பழைய மர நாழி. அழுத்தினால் தோள்பட்டை வரை வலிக்கும், ஆனால் அதில் விழுகிற சுற்று எதிலும் விழாது. இருபத்தெட்டு சுற்று. உடைந்தது இரண்டு; அதை நான் தின்றேன்.

ஜூன் 20

எவர்சில்வர்க்காரன் வந்தான். பழைய பித்தளைக்குப் புதுப் பாத்திரம். அக்கா — ஓரகத்தி ரத்தினம்மாவை அப்படித்தான் கூப்பிடுவேன் — அடுக்களையிலிருந்து இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். நான் நோட்டோடு பின்னால் போனேன்.

“அக்கா, அது பொது.”

“பொதுவா? பொதுவுல தேய்க்கறது யாரு? புளி போட்டுப் போட்டு என் வெரலப் பாரு, இஞ்சி மாதிரி கீது.”

“பிரியற வரைக்கும் எதையும் மாத்தக்கூடாதுன்னு அவர் சொல்லிட்டுப் போயிருக்காரு.”

“அவரு பொன்னேரில அலுமினியத்துல துன்னுக்கினு சொல்லுவாரு. நீ நோட்டு வச்சிக்கினு காவல் காத்துக்கினு இரு.”

எவர்சில்வர்க்காரன் சிரித்தான். குடம் இரண்டும் உள்ளே வந்தன. சாயங்காலம் மூத்தார் என்னைக் கூப்பிடவில்லை. தம்பி பெண்டாட்டியிடம் நேராகப் பேசமாட்டார். நான் தூணுக்கு இந்தப் பக்கம் நிற்கும்போதே அக்காவைப் பார்த்துச் சொன்னார்: “உன் தங்கச்சிகிட்ட சொல்லு. இது சத்திரம் இல்ல. கணக்கப்பிள்ளை வேலைக்கு இங்க ஆள் கேக்கல.” அக்கா என் பக்கம் திரும்பி, “கேட்டுதா?” என்றாள். பதினாலு வருஷமாக இப்படித்தான். சில சமயம் சிரிப்பு வரும். இன்று வரவில்லை.

நான் காக்கிற பதினாறில் ஒன்றையும் என்னுடையது என்று என்னால் காட்ட முடியாது. எல்லாவற்றிலும் ஒரே பேர்.

ஜூலை 19. ஆடிக் கிருத்திகை.

விரதம். காலையிலிருந்து தெருவில் காவடி. மஞ்சள் துணி, மணிச்சத்தம், வெறுங்கால்கள். மூத்தாரும் அக்காவும் திருத்தணிக்குப் போயிருக்கிறார்கள். வீட்டில் யாராவது இருக்கவேண்டும், அந்த யாராவது நான்.

வருஷா வருஷம் சுலோசனாவைத் தோளில் வைத்துக்கொண்டு படி ஏறியிருக்கிறேன். கடைசி நாலைந்து வருஷம் அவள் முன்னால் ஓடிப்போய் மேலே நின்றுகொண்டு, “ம்மா, சீக்கிரம் வா” என்பாள்.

பூஜை விளக்கைத் தேய்த்தேன். ஐந்து முகமும் பளிச்சென்று என் முகத்தைக் காட்டின. ஐந்திலும் இளைத்திருக்கிறேன்.

முருகா, நீ எல்லையைத் தாண்டி இங்கே வருவதற்கு யாரிடமும் எழுதிக் கொடுக்கவேண்டாமே.

ஆகஸ்ட் 10

அவர் கடிதம். ஒன்பது வரி. ஏழு வரி பாத்திரம்: செப்புத் தவலை இருக்கிறதா, அண்ணன் எதையாவது வெளியே அனுப்பினாரா, கடன் போனதெல்லாம் திரும்பிற்றா. எட்டாவது, தன் உடம்பு சுகம். ஒன்பதாவது வரி சுலோசனா கையெழுத்து: ‘அம்மா நான் இப்போது இரட்டைப் பின்னல் நானே போட்டுக்கொள்கிறேன்.’

நல்லதுதான்.

ஆகஸ்ட் 11

எழுதிப் போட்டேன்: ‘தவலை இருக்கிறது. நானும் இருக்கிறேன்.’

செப்டம்பர் 2

மழை. மாவு அரைத்தேன். ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றும்போது ஒரு கட்டத்துக்கு மேல் கை தானாகப் போகும். மனசு வேறு எங்கேயோ சுற்றும். இந்த வீட்டில் நான் வெளியே போவது அந்த அரைமணி நேரம்தான். இன்று பொன்னேரி வரை போனேன். அந்த வீடு எப்படி இருக்கும் என்று தெரியாததால் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

மாவு நன்றாகப் பொங்கியிருக்கிறது. அதில் குறை சொல்ல முடியாது.

அக்டோபர் 3, திங்கள்

கடிதம் வந்தது. நாலு தரம் படித்தேன்.

சுலோசனா பெரியவளாகிவிட்டாள். போன புதன்கிழமை. பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாளாம். அவர் எழுதுகிறார்: ‘வீட்டுக்கார அம்மாள் அலர்மேல்மங்கை நல்ல மாதிரி. மண்ணெண்ணெய் டின்னில் வெந்நீர் வைத்து அவர்களே தலைக்கு ஊற்றிவிட்டார்கள். கவலைப்பட வேண்டாம். நீ இப்போது கிளம்பி வரவேண்டாம். தையில் சடங்கு வைத்துக்கொள்ளலாம். அதுவரை வீட்டை விடாதே.’

டின்னுல.

நோட்டின் முன்பக்கத்தைப் புரட்டினேன். மஞ்சள் நீராட்டு என்று எழுதியிருக்கும் வரிகளை விரலால் தொட்டுக்கொண்டே போனேன். இந்த வீட்டுக் கங்காளத்திலும் செப்புத் தவலையிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பெண்கள் பதினோரு பேர். யார் யார் வீட்டுப் பெண்களோ. ஒவ்வொரு தரமும் நான் தேய்த்துக் கொடுத்தேன். என் பெண்ணுக்கு மண்ணெண்ணெய் டின். அவள் பயந்து அழுதபோது யார் கையைப் பிடித்துக்கொண்டாள்? என் வூட்டுக்காரர் வெளியில நின்னிருப்பாரு. அவ யாரைத் தேடியிருப்பா?

நான் இன்னாத்தைக் காத்துக்கினு கெடக்கேன் இங்க?

அக்டோபர் 4

காலையில் அக்காவிடம் சொன்னேன். நாளைக்குப் போகிறேன் என்று. அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“உன் புருஷன் வரச் சொன்னாரா?”

“வரவேணாம்னு எழுதியிருக்காரு.”

“பாகம்?”

“பொண்ணு உட்கார்ந்திருக்கா, அக்கா.”

எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மூத்தார் வந்தார். வழக்கம்போல் அக்காவைப் பார்த்து: “சொல்லு அவகிட்ட. படி தாண்டினா தாண்டினதுதான். நாளைக்குத் தம்பி வந்து அந்தத் தவலை எங்க, இந்தக் கரண்டி எங்கன்னு என்கிட்ட நிக்கக்கூடாது. எழுதிக் குடுத்துட்டுப் போவச் சொல்லு.”

மத்தியானம் ஒரு தாள் கொண்டுவந்தார். தெலுங்கில் இருந்தது. அக்காவுக்காகப் படிப்பதுபோல எனக்குப் படித்துக் காட்டினார்: சொந்த இஷ்டத்தில் போகிறேன், எந்தச் சாமானும் எடுத்துப் போகவில்லை. அவ்வளவுதான் படித்தார்.

தமிழ் எழுத்தைப் பஞ்சாங்கத்தைப் பார்த்து நானே கற்றுக்கொண்டவள் நான். சுலோசனா ஒன்றாவது படிக்கும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து தெலுங்கு எழுத்தையும் கற்றுக்கொண்டேன். அது அவருக்குத் தெரியாது. கற்றுக்கொண்டதை யாரிடமும் சொல்லிக்கொள்வது என் வழக்கமில்லை.

“அக்கா, அவர் படிச்சதுக்குக் கீழ இன்னும் ஒரு வரி இருக்குது” என்றேன். “எனக்கும் என் புருஷனுக்கும் இனிமே இந்த வீட்டுச் சாமான்ல உரிமை இல்லைன்னு.”

அக்கா அவரைப் பார்த்தாள். அவர் தூணைப் பார்த்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் என்னைப் பார்த்துப் பேசினார்.

“தெரிஞ்சுதான் போடறியாம்மா?”

“தெரிஞ்சுதான்.”

தமிழில் கையெழுத்துப் போட்டேன். பேனா சரியாக எழுதவில்லை. இரண்டு தரம் போட வேண்டியிருந்தது. மூத்தார் தாளை உடனே எடுக்கவில்லை. மை காயட்டும் என்று நின்றாரோ, வேறு எதற்கோ. என் கையெழுத்துக்கு என்ன மதிப்பு, வழக்கென்று வந்தால் கோர்ட்டில் செல்லுமா, எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பது மட்டும் தெரியும்.

பிறகு நோட்டை எடுத்து அக்காவிடம் ஒவ்வொன்றாக ஒப்படைத்தேன். அண்டா 2, கங்காளம் 3, செப்புத் தவலை 1, கல்சட்டி 2. வெளியே இருப்பது சிட்டிபாபு வீட்டில் ஒரு போகிணி. “ரெண்டு மாசமாச்சு, கேட்டு வாங்கிக்குங்க” என்றேன்.

“கேக்கறேன், கேக்கறேன். போறப்பகூட போகிணி” என்றாள்.

சாயங்காலம் திருகை சுற்றும் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அக்கா கால் நீட்டி உட்கார்ந்து வறுத்த கறுப்பு உளுந்தை அரைத்துக்கொண்டிருந்தாள். திருகையைத் தொட்டாலே தோள் வலிக்கிறது என்று என்னிடம் தள்ளிவிட்டு ஆறு வருஷம் ஆகிறது.

“மில்லுல குடுத்தா சூடு ஏறி வாசனை போயிடும்” என்றாள் நிமிராமலே. “பொண்ணுக்குக் களி கிண்டிப் போடு. நல்லெண்ணெய நெறைய ஊத்து, கஞ்சத்தனம் பண்ணாத.” கொஞ்சம் அரைத்துவிட்டு: “நீ போயிட்டா இந்த வூட்ல என்கூட சண்டை போட யாரு கீறாங்கோ.”

நானும் எதிரே உட்கார்ந்து பிடியில் கை வைத்தேன். இரண்டு பேருமாகச் சுற்றினோம். மூன்று படி மாவு.

அக்டோபர் 5

ரயில். நகரி பின்னால் போயிற்று. திருத்தணி வந்தபோது எழுந்து நின்று கும்பிட்டேன். பக்கத்திலிருந்த அம்மாள் இறங்கவேண்டுமா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

அக்டோபர் 6. பொன்னேரி.

வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது: “அங்க வீட்ல யாரு இருக்காங்க?”

சொன்னேன். கையெழுத்தையும் சொன்னேன். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளி வைத்தால் அது வளரும்.

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சுலோசனா மூலையில் பாயில் இருந்தாள். என்னைவிட உயரமாகிவிட்டாளோ என்று தோன்றியது, உட்கார்ந்திருந்தாலும். கிட்டப் போனதும் என் புடவையில் முகத்தை வைத்துக்கொண்டாள். “உளுந்து வாசனை வருது” என்றாள்.

அக்டோபர் 7

பேசவில்லை. சாப்பிட்டார், போனார்.

அக்டோபர் 8

பேசவில்லை. ஒரே அறை, ஒரு தாழ்வாரம். இங்கே ஒருவர் பேசாமல் இருந்தால் அது வீடு முழுக்க இருக்கிறது.

அக்டோபர் 9, ஞாயிறு

குளித்துக் கும்பிட்டுவிட்டுக் களி கிண்ட உட்கார்ந்தேன். அலுமினியச் சட்டி, அடி மெலிசு. கை எடுத்தால் பிடித்துவிடும். நல்லெண்ணெய் எங்கே, வெல்லம் எங்கே, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சுலோசனா பாயிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்: “ஜன்னல் மேல, ம்மா. அது இல்ல, நீல டப்பா.” சட்டியைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் அது அடுப்போடு சுற்றிக்கொண்டே இருந்தது.

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து, பக்கத்தில் குந்தி, துணியால் சட்டியின் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டார். நான் கிண்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. களி திரண்டு வரும்போது கேட்டார்:

“உப்பு போட்டியா?”

“எங்க இருக்குதுன்னு தெரியல.”

“அந்தச் சிரட்டைல” என்றார்.