பீல் நகரப் பெரிய மேடையில் என் பைலா அடி

3 ஜூன் 1986, செவ்வாய்

இன்று எங்கள் சுவிஸ் கடிகாரத் தொழிற்சாலைக் கன்டீனுக்கு அமெரிக்காவே வந்தது. ரேடியோவில் ஒரு பாட்டு: பாதி இங்கிலிஷ், பாதி ஸ்பானியம், அடியில் கொங்கா மேளம். மயாமியில் இருக்கும் கியூபாக்காரர் பாடினதாம். அமெரிக்கா முழுக்க வெள்ளைக்காரர் இதற்குத்தான் ஆடுகிறார்களாம்.

என் பக்கத்து மெசினில் வேலைசெய்யும் ஸ்பெயின்காரன் ஆந்திரேஸுக்குக் கண் கலங்கிவிட்டது. நகரத் திருவிழாவில் பத்து வருடமாக அவனுடைய கோஷ்டிக்கு சொசேஜ் கடைக்குப் பின்னால்தான் இடம். இந்த முறை பெரிய மேடை! "எங்கள் பாட்டு அமெரிக்கா போய் வந்த பிறகுதான் இவர்களுக்குக் காது கேட்கிறது" என்றான். ஆனால் கொங்கா அடிக்கிறவன் கையை முறித்துக்கொண்டானாம்.

என் வாய் சும்மா இருக்குமா? கொழும்பில் பைலா ஆட்டப்பாட்டுக் கோஷ்டிக்கு முதல் கை நான்தான் என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லை. யாழ்ப்பாணம்–கொழும்பு பஸ்ஸில் நான் கொண்டக்டர். சுற்றுலாச் சனம் பைலா பாட, பஸ் தகரத்தில் அடித்தது யார்? கதிர்காமம் வரைக்கும் கேட்டிருக்கும்.

வீட்டில் என் மனைவி தில்லைநாயகி தலையில் கைவைத்தாள். "பஸ்ஸைத் தட்டினதெல்லாம் மேளமோ? அந்தாள் பத்து வருசம் காத்திருந்தது. அவற்ர மனிசிதான் எனக்கு வேலை எடுத்துத் தந்தவ. நாளைக்கு நான் எந்த முகத்தோட போறது?"

12 ஜூன்

ஒத்திகை. மிருதங்கம் மாதிரித்தானே என்று தரையில் சப்பாணி கட்டி, கொங்காவை மடியில் கிடத்தினேன். வலது கை தோலில் விழுந்தது. இடது கை ஓட்டைக்குள் போய்விட்டது! மறுபக்கம் தோலே இல்லை. யாருக்குத் தெரியும்?

எல்லோரும் சிரித்தார்கள். "எங்கள் நாட்டில் முதலில் மேளத்தின் வயிற்றைப் பார்ப்போம்" என்றேன். நம்பிவிட்டார்கள்.

ஆனால் ஆந்திரேஸ் நாலு நாலாக எண்ணுகிறான். என் கைக்கு பைலாவின் ஆறுதான் வருகிறது. இதை அவனுக்குச் சொல்லவில்லை.

15 ஜூன், ஞாயிறு

வீட்டில் பழகினேன். தில்லைநாயகி பறித்துக்கொண்டு போனாள் — "சோத்துப்பானையப்பா இது!" கீழ்வீட்டுக் கிழவர் கூட்டுகிற தும்புத்தடியால் கீழிருந்து எங்கள் தரையை இடித்தார். தாளம் போடுகிறார் என்று நினைத்தேன்.

27 ஜூன்

நாளைக்குத் திருவிழா. நாலாவது தரம் எழும்பித் தண்ணி குடிக்கிறேன். காய்ச்சலாக்கும்.

29 ஜூன், ஞாயிறு

எழுத முடியாமல் கை வீங்கிப்போய்க் கிடக்கிறது. எழுதாமல் விடுவேனோ?

ஐயாயிரம் சனம். சரி, ஆயிரத்துக்குக் குறையாது. முதல் இரண்டு பாட்டுக்கும் மேளத்தைத் தடவிச் சமாளித்தேன். சனம் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றது. மூன்றாவது அந்த ரேடியோப் பாட்டு. நடுவில் கொங்கா மட்டும் தனியே போக வேண்டும். எல்லோரும் நிறுத்தினார்கள். நாலு எங்கே? ஐயோ, ஒன்றும் பிடிபடேல்லை. ஆந்திரேஸ் என்னைப் பார்த்தான். பத்து வருடமும் அந்தப் பார்வையில் இருந்தது.

முன்வரிசையிலிருந்து தில்லைநாயகியின் குரல்: "இஞ்சருங்கோ! உங்கட பஸ்ஸைத் தட்டுங்கோ!"

தட்டினேன். வலது கை தோலில், இடது கை மரத்தில். ஆறு! சுத்தமான பைலா. ஆந்திரேஸ் ஒரு கணம் திகைத்தான், பிறகு கிற்றாரோடு என் பின்னால் ஓடி வந்தான். கோஷ்டி முழுக்க வந்தது.

எங்கள் ஃபோர்மன், வாழ்க்கையில் சிரிக்காதவர், மனைவியின் இடுப்பைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர் — ரயில்! அந்த ரயிலுக்கு என்ஜின் யார்? கூறைச்சேலையோடு என் தில்லைநாயகி. ட்ராலிபஸ் போக வழியில்லாமல் நின்றது. டிரைவரும் இறங்கி ஆடினார் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்லுவேன். "இன்னொருக்கா" என்று பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் கத்தினார்கள். மூன்று தரம் அடித்தோம்.

ஆந்திரேஸ் கட்டிப்பிடித்து, "எந்த நாட்டு அடி இது?" என்றான்.

"மயாமிக்கு நாங்கள்தான் கொடுத்தனுப்பினோம்" என்றேன்.

6 ஜூலை, ஞாயிறு

வருகிற வருடமும் பெரிய மேடைதானாம். ஆந்திரேஸ் அந்த அடியைப் பழக்கச் சொல்லிக் கேட்கிறான். வருடக்கணக்கு எடுக்கும் என்று சொல்லிவைத்தேன். நானும் பழக வேண்டுமே.

சாப்பிட்டு முடிந்ததும் தில்லைநாயகி சோற்றுப்பானையைக் கழுவித் துடைத்து, என் முன்னால் கவிழ்த்து வைத்தாள். அடித்தேன். கீழிருந்து தும்புத்தடிச் சத்தம்.

கிழவருக்கும் இப்போது ஆறு வருகிறது.