பூசையில் வாசித்த பெயர்

கும்மிடிப்பூண்டி

அன்புள்ள ஏஞ்சலினுக்கு,

ஆண்டவர் அருளால் இங்கே எல்லோரும் சுகம். போலந்தில் குளிர் எப்படி? உன் அம்மா கொடுத்த கம்பளியைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்காமல் போர்த்திக்கொள். இந்தச் சேதியைப் போனில் சொல்லலாம்தான். பாதியிலேயே நீ அழுதுவிடுவாய், இல்லை நான் அழுதுவிடுவேன். அதனால் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

போன ஞாயிறு நம் கோயிலில் உன்னை இறந்தவர்களோடு சேர்த்துவிட்டார்கள். பயப்படாதே, நீ நன்றாகத்தான் இருக்கிறாய். அங்கே விழாவில் உன் நாடகம் நல்லபடி நடக்கட்டும் என்று உன் அம்மா, உன் அப்பாவுக்குத் தெரியாமல், பூசைக்கு உன் பெயரைக் கொடுத்திருக்கிறார். உபதேசியார் அதைக் காலமானவர்கள் பெயருக்கு நடுவில் சொருகி, "ஆகியோரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று கணீரென்று வாசித்துவிட்டார்.

நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தேன். கதவை உடைப்பது போலத் தட்டும் சத்தம். திறந்தால் உன் அப்பா. அவர் கெஞ்சி வாங்கிக் கொடுத்த தேர்வாய் கண்டிகை கம்பெனி வேலையை நீ விட்ட நாளிலிருந்து நம் வாசலை மிதிக்காத மனிதர். "என் வாட்ச்மேன் டிரஸ்ஸப் போட்டுக்கினு ஊரு சிரிக்க வெக்கிறா" என்று, நீ விமானம் ஏறும்போதுகூட முகம் காட்டாதவர். காலில் செருப்பில்லை. "மாப்ள, எம் பொண்ணுக்கு இன்னா ஆச்சி? கோயில்ல பேரு பட்ச்சிட்டாங்க" என்றார்.

ஒன்றுமில்லை மாமா என்று தலையால் தண்ணீர் குடித்தும் நம்பவில்லை. நீ காலையில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போட்டேன். அங்கே சாப்பாட்டில் உப்பே இல்லை என்று நீ அலுத்துக்கொண்டதைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் தெருவே துக்கம் கேட்க வந்துவிட்டது. பின்னாலேயே ஓடிவந்த உன் அம்மா எல்லோருக்கும் டீ போட்டார். வந்த கூட்டத்தைச் சும்மா அனுப்புவானேன் என்று, விழாக்காரர்கள் அனுப்பிய உன் நாடகத்தின் முதல் நாள் வீடியோவை டிவியில் போட்டேன். மாமா எழுந்து போகவில்லை.

கம்பெனி கேட்டில் நின்றுகொண்டு, உள்ளே வரும் ஒவ்வொரு லாரியிடமும் அது நிற்கப்போகும் இடத்தில் முன்பு இருந்த கழனியின் பெயரைச் சொல்கிறாயே, அங்கே நம் ஜனம் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. வேலையில் தான் அப்படிச் சொல்வது உனக்கு எப்படித் தெரியும் என்று அப்புறம் உன் அம்மாவிடம் கேட்டாராம். கடைசியில் நீ ஒற்றை ஆளாய் நின்று சல்யூட் வைக்க, அந்த வெள்ளைக்காரக் கூட்டம் மொத்தமும் எழுந்து கைதட்டியதே, அப்போது, "தொப்பிய நேராதான் வெச்சிக்கீது" என்றார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. உனக்கே தெரியும்.

உபதேசியார் மன்னிப்புக் கேட்க வந்தார். நான்தான் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். நாம் இத்தனை நாள் வேண்டியும் கிடைக்காததை அவர் தப்பு கொண்டுவந்து கொடுத்தது. மனம் நிறைந்திருக்கிறது, ஏஞ்சலின்.

நேற்று மாமா தானாகவே போய், வரும் ஞாயிற்றுக்கு நன்றிப் பூசை கொடுத்திருக்கிறார். சரியான இடத்தில் எழுதும்வரை நகரவில்லையாம். வெறும் ஏஞ்சலின் என்று எழுதியதை அடிக்கச் சொல்லி, "தேசப்பன் மவ ஏஞ்சலின்னு படி, சத்தமா" என்றாராம்.

சனிக்கிழமை வந்து இறங்கியதும் களைப்பு என்று படுத்துவிடாதே. ஞாயிறு பூசைக்கு வா. பெயரை வாசிக்கும்போது ஆண்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடு. மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்,
இம்மானுவேல்