மூன்று மில்லிமீட்டர் தள்ளிப்போன மதர்போர்டு

இன்று காலை ஆபீஸ் கம்ப்யூட்டரின் மதர்போர்டு புகைந்துவிட்டது. சர்வீஸ்காரர் வந்து அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெறும் கேபினெட் என் மேஜைமேல் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. உள்ளே போர்டைத் தாங்குகிற பித்தளைக் குமிழ்கள் மட்டும் மின்னிக்கொண்டிருந்தன. என் கை தானாக இழுப்பறையைத் திறந்து ஸ்கேலை எடுத்தது. குமிழின் நடுவில் பூஜ்யத்தை வைத்து, பின்பக்கத் திறப்பு வரைக்கும் அளந்தேன். சரியாக இருந்தது. இப்போது சரியாக அளந்து என்ன ஆகப்போகிறது? சாப்பாட்டு நேரத்தில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ போய் ஒன்றேகால் வருஷம் ஆகிறது. நான் இன்னும் அதே சங்ககிரி லாரி புக்கிங் ஆபீசில்தான் லோடு சீட்டு தட்டிக்கொண்டிருக்கிறேன். நீ முதன்முதலாக என்னைப் பார்த்ததும் இங்கேதான். ஆபீசுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் ஒரு நாள் நின்றுபோக, திருச்செங்கோட்டு சர்வீஸ் கடையிலிருந்து நீ வந்தாய். நம் இருவருக்கும் அப்போது இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். மேனேஜர் உன் பின்னால் எட்டிப் பார்த்து, ஆள் யாரும் வரவில்லையா என்று கேட்டார்.

"நாந்தானுங்க ஆளு" என்றாய். குரலை உயர்த்தவில்லை. திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றத் தொடங்கிவிட்டாய். நான் டீ வாங்கி வந்து கொடுத்தேன். அன்றிலிருந்து முப்பது வருஷம்.

அந்த முதல் மெஷினை ஆபீசில் பின்கட்டு ஷெட்டில் போட்டுவிட்டு எல்லாரும் மறந்துபோனார்கள். பல வருஷம் கழித்து, ஷெட்டை இடிக்கப் போகிறார்கள் என்று நான் பேச்சுவாக்கில் சொன்னதும், நீ உன் ஸ்கூட்டரில் வந்து அதை வாங்கிக்கொண்டாய். கேபினெட்டின் அடித்தகடு துருவேறி உதிர்ந்தது. பவர் பெட்டி செத்திருந்தது. மழைத்தண்ணி சொட்டிச் சொட்டி போர்டின் செம்புக் கோடுகளைப் பச்சையாக அரித்திருந்தது. ஆனால் சிப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சோதித்தபோது, ஒன்றைத் தவிர எல்லாமே உயிரோடு இருந்தன. அந்த ஒன்றையும் உன் பழைய டப்பாக்களில் தேடி எடுத்தாய்.

போர்டையே புதிதாக வரையப் போகிறேன் என்றாய். அதே சிப்புகள், அதே இணைப்புகள். அளவும் துளைகளும் மட்டும் இன்றைக்கு எந்தக் கடையிலும் கிடைக்கிற கேபினெட்டுக்குத் தகுந்த மாதிரி. எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். அதற்கென்று தனிப் பெட்டி, தனிப் பவர் என்று இருந்தால் ஒன்று போனதும் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடும்; சாதாரணப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டால் யார் வீட்டிலும் இருக்கும் என்றாய். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னாய். "இத்தன வருஷம் அடுத்தவங்க போர்டத்தான் நோண்டீருக்கறேன். என்றது ஒண்ணு இருக்கட்டும் புள்ள."

ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. உன் வீட்டு முன்னறையில், எதிர்ப்பட்டறையில் போர்வெல் ரிக் லாரிக்குத் தகடு அடிக்கிற சத்தத்துக்கு நடுவில், நான் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் பழைய போர்டின் புள்ளிகளில் வைப்பேன். 'பீப்' என்றால் இணைப்பு உண்டு. எண்ணைச் சொல்வேன், நீ திரையில் கோடு போடுவாய். பழைய சிப்புகளுக்கு வேண்டிய மைனஸ் ஐந்து வோல்ட் புதுப் பவர் பெட்டிகளில் வருவதில்லை என்று அதற்காகவே ஓரத்தில் ஒரு சின்னச் சுற்றைச் சேர்த்தாய். நான் அவசரப்பட்டால், "கரண்டுக்கு முன்னாடி நீ ஓடாத" என்பாய்.

பாதி வேலையில் உனக்கு நோய் தெரிந்தது. வடக்கே போர்வெல் ரிக்கில் இருந்த உன் வீட்டுக்காரர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். ஈரோட்டு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற ஏற உன் விரல் நுனிகள் மரத்துப்போயின. ஒரு ஞாயிறன்று ஸ்கேல் உன் கையிலிருந்து மூன்று முறை விழுந்தது. மூன்றாம் முறை நீ குனியவில்லை. "இனி என்ற கை நீதான்" என்று மட்டும் சொன்னாய். ஐம்பது வயதுக்கு மேல் நான் சால்டரிங் பழகினேன். கேபினெட்டை அளந்ததும் நான்தான். குமிழிலிருந்து பின்பக்கத் திறப்புகள் வரைக்கும் நான் படித்துச் சொன்ன எண்களை நீ அப்படியே போட்டாய். மறுபடி சரிபார்க்கவா என்று கேட்டேன். நீ அளந்தால் போதும் என்றாய்.

வரைபடத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிச் செய்யச் சொல்லியிருந்த போர்டுகள் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தன. உன் வீடு பாதி நாள் பூட்டிக் கிடந்ததால் ஆபீஸ் முகவரிதான் கொடுத்திருந்தோம். ஐந்து போர்டுகள், அழகான பச்சை. ஒன்றை என் வீட்டுக்கு எடுத்துப்போய் அங்கே இருந்த கேபினெட்டில் வைத்துப் பார்த்தேன். குமிழ்களில் சரியாக உட்கார்ந்தது. ஆனால் திரைக்கான கார்டைச் செருகுகிற இடத்தில் வைத்தால் அதன் தகட்டு முனை பின்சுவரில் இடித்தது. மூன்று மில்லிமீட்டர். குமிழின் நடுவிலிருந்து அளக்க வேண்டியதை விளிம்பிலிருந்து அளந்திருக்கிறேன். ஐந்திலும் அதே பிழை.

அன்று சாயங்காலம் உன் கட்டிலருகே உட்கார்ந்தேன். வந்துருச்சா என்று கேட்டாய். இல்லை, சென்னையில் கஸ்டம்ஸில் நிற்கிறதாம் என்றேன். எனக்கு அவ்வளவு சுலபமாகப் பொய் வரும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

உன் வரைபடத்தை உனக்குத் தெரியாமல் திறந்து, துளைகளை நகர்த்தி, வழியில் குறுக்கிட்ட கோடுகளைச் சுற்றிக்கொண்டு போய், மறுபடி அனுப்பினேன். புதுசு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். முழுசாக, பெட்டியில் கச்சிதமாகப் பொருந்தியதாகத்தான் உன் முன்னால் வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். நீ தினமும் கேட்டாய். நான் தினமும் இல்லை என்றேன். பதினெட்டாம் நாள் உனக்கு மூச்சு வாங்கியது. ஈரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். நீ திரும்பவில்லை.

அதற்கு ஒன்பது நாள் கழித்து இரண்டாவது பார்சல் வந்தது. அதைத் தொட எனக்கு இரண்டு மாதம் ஆனது. சிப்புகளைப் பொருத்தி, உன் வீட்டுக்கே எடுத்துப்போய், உன் வீட்டுக்காரர் முன்னால் பட்டனை அழுத்தினேன். ஒரே ஒரு 'பீப்'. திரையில் மெமரி எண்கள் ஓடி நின்றன. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த முதல் போர்டும் ஓடியிருக்கும். மூன்று மில்லிமீட்டர் குறை பெட்டிக்குத்தான், கரண்டுக்கு என்ன வந்தது? சிப்புகளைப் பொருத்தி வெறும் மேஜைமேல் வைத்து, கார்டை மாட்டி, உன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஓட்டிக் காட்டியிருக்கலாம். உனக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியுமுங்க. பார்சல் வந்த அன்னிக்கே அவ போனுக்கு மெசேஜ் வந்துருச்சு."

ஆர்டர் உன் பெயரில் போட்டது என்பதையே நான் மறந்திருந்தேன். பிறகு ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன்.

"நான் கேக்கறேன்னு சொன்னனுங்க. வேண்டாம்னுட்டா. 'அவ என்னமோ தப்புப் பண்ணிப்போட்டாளாட்ட இருக்குது, அவளே சொல்லட்டும்'னா." பிறகு சொன்னார்: "தெனமும் வந்துருச்சா வந்துருச்சான்னு கேட்டாளே, அது நீங்க சொல்றதுக்கு ஒரு வழி உட்டதுங்க."

மெஷின் இப்போது உன் முன்னறையில் இருக்கிறது. அவர் மாதம் ஒரு முறை ஓட்டுகிறார். மின்விசிறியில் தூசி சேர்ந்தால் எனக்குப் போன் வரும், போய்த் துடைத்துவிட்டு வருவேன். இதைக் கேள்விப்பட்டு கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் உன் வரைபடத்தைக் கேட்டார், கொடுத்தேன். அவர் கேட்ட சந்தேகங்களுக்கெல்லாம் எனக்குத் தெரிந்த வரைக்கும் பதில் எழுதினேன். இதெல்லாம் செய்தால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். அலுப்புதான் மிஞ்சுகிறது.

பதினெட்டு சாயங்காலம் நீ எனக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தாய். நான் ஒவ்வொரு நாளும் வாசலோடு திரும்பிப் போனேன். அன்றைக்குச் சொல்லாததை இந்தத் தாளில் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமையே வந்துருச்சு புள்ள. நான்தான் தப்பாக அளந்துவிட்டேன். நீ வரைந்ததில் ஒரு பிழையும் இல்லை.