விடுமுறைக்கு ஒரு வெள்ளோட்டம்

எங்கள் அரை டிக்கெட்டுக்கு அம்மா ஆசையாக எழுதுவது.

நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் கைக்கடிகாரம் எங்கள் இருவரையும்விடச் சுகம். நீயும் அந்தத் தீவில் வெயிலோடும் மழையோடும் உப்புக் காற்றோடும் நன்றாக இருப்பாய் என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். போன ஞாயிறு நீ போனில் சொன்னது இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது. ரெண்டு தடவை வரேன்னு சொல்லி ஏமாத்திட்டீங்க, இந்தத் தடவையும் வரலைன்னா இனிமே நான் கூப்பிடவே மாட்டேம்மா என்று சொல்லிவிட்டு டக்கென்று வைத்துவிட்டாய். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. முதல் தடவை மழைக்காலம் என்றார், இரண்டாவது தடவை முழங்கால் என்றார், இரண்டும் உன் அப்பா சொன்ன சாக்கு, பேர் கெட்டது எனக்கும் சேர்த்து. உன் முகத்தைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது, போனில் தெரிவதெல்லாம் ஒரு முகமா. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், முதலாளி முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார். என் பக்கம் எல்லாம் தயார். உன் அப்பா பக்கம் நடந்த கூத்தைத்தான் சொல்ல வேண்டும்.

அவரைப் பற்றி உனக்குத் தெரியாததா. முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போ வாசலில் கூண்டு மாதிரி ஓர் அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது வந்தது என்று குறித்தே தலை நரைத்த மனிதர். ஊர் ஜனம் மொத்தத்தையும் வழியனுப்பி வைத்துவிட்டுத் தான் மட்டும் எந்த வண்டியிலும் ஏறி எங்கேயும் போனதில்லை. கேட்டால், நான் போயிட்டா வண்டியை யாரு அனுப்புறது என்பார். ரிடையர் ஆகி இரண்டு வருடம் ஆகிறது, வண்டிகள் அது பாட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன, அதை அவரிடம் சொல்ல எனக்குத்தான் மனசு வரவில்லை. நீ விமான டிக்கெட் அனுப்பிய அன்றே அளவுகோலை எடுத்துக் கோடு போட உட்கார்ந்துவிட்டார். பதினான்கு நாளைக்கும் டிரிப் ஷீட். இடம், சேரும் நேரம், நிற்கும் நிமிடம், கிளம்பும் நேரம் என்று நாலு கட்டம். உங்கள் தலைநகரத்துக் கலங்கரை விளக்கத்துக்குப் பன்னிரண்டு நிமிடம். ஏறி இறங்கவே அரை மணி ஆகுமே என்றேன், எதுக்கு ஏறணும், கீழ நின்னு பார்த்தாலும் அதே விளக்குதான் என்றார். அருங்காட்சியகத்துக்கு நாற்பது, பூங்காவுக்கு முப்பத்தைந்து, துறைமுகத்தில் நீ ஓட்டும் கிரேனைப் பார்க்கப் பதினெட்டு. அங்கே மூன்று மணியானால் தினமும் மழை கொட்டும் என்று நீ எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னாய் அல்லவா, அதையும் விடவில்லை. மூன்று முதல் மூன்று இருபத்தைந்து வரை மழை என்று பதினான்கு நாளுக்கும் எழுதி வைத்திருக்கிறார். தாமதமாக வந்தால் மழையிடமே விளக்கம் கேட்பார் போலிருக்கிறது.

இதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. புது ரூட் எதையும் வெள்ளோட்டம் பார்க்காமல் திறந்துவிடக் கூடாது என்பது டிப்போ வழக்கமாம், அதனால் நம் விடுமுறைக்கும் போன சனிக்கிழமை வெள்ளோட்டம். சிரிக்காதே, சத்தியமாக. காலை ஆறு மணிக்குத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, நிஜமாகவே துணி அடுக்கிய இரண்டு பெட்டி. கூடத்து ஜன்னல் ஓரம் இரண்டு நாற்காலி போட்டு, அதுதான் விமானம் என்றார். உன்னிடம் வர நான்கு மணி நேரமாம், ஆகவே நான்கு மணி நேரமும் உட்கார்ந்தே ஆக வேண்டும். அவர் இடுப்பில் பேண்ட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டார், எனக்குப் பழைய பெட்டியின் பட்டை. அடுப்பில் பால் இருக்கிறது, அணைத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தால், ஓடுற வண்டியில எழுந்திருக்கக் கூடாது என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். பால் வழிந்து அடுப்பு நாறிவிட்டது. அதையும் ஷீட்டில், வழியில் பால் பொங்கியது, ஆறு நிமிடம் தாமதம் என்று குறித்துக்கொண்டார். என் கோபத்தைக் குறிக்கத்தான் அதில் கட்டம் இல்லை.

பிறகு இறங்கும் கட்டம். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கித் தெருவாசலுக்கு வர வேண்டும், அங்கே நீ காத்திருப்பாய். உனக்குப் பதிலாகக் கீழ்வீட்டுத் தையல்காரரை நிறுத்தியிருந்தார். அந்த ஆகிருதியும் மீசையும் உனக்கு ஞாபகம் இருக்கும். கழுத்தில் அளவு நாடாவோடு, கையில் அரை டிக்கெட் என்று எழுதிய அட்டையோடு நின்றார். சும்மா நில்லுங்க, அது போதும் என்றுதான் அப்பா சொல்லியிருந்தார். மனிதருக்கு என்ன உற்சாகமோ, எங்களைப் பார்த்ததும் அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, அப்பா, வந்துட்டீங்களாப்பா என்று தெருவே அதிர ஓடி வந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தால் உன் அப்பா தையல்காரர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறார். எதிர்க் கடை சலவைக்காரர் இஸ்திரிப் பெட்டியைத் துணி மேலேயே வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றதில் யாருடைய சட்டையோ தீய்ந்தே போய்விட்டது. தையல்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே, மெலிஞ்சுட்டீங்க சார், தோள்ல ஒரு இஞ்ச் பிடிக்கணும் என்றார்.

அப்பா மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெள்ளோட்டம் சரியில்லை என்றால் ரூட்டையே ரத்து செய்துவிடுவார்கள் என்று அவர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். சரி, மூன்றாவது தடவையும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். ஆனது ஆகட்டும், இந்தத் தடவை நான் மட்டுமாவது போவது என்று என் பெட்டியை எடுத்துத் தனியாகக்கூட வைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து ஷீட்டை என் முன்னால் வைத்தார். கலங்கரை விளக்கம், அருங்காட்சியகம், பூங்கா எல்லாவற்றையும் சிவப்பு மையில் அடித்திருந்தார். இடம் என்ற கட்டத்தில் அரை டிக்கெட் என்று மட்டும் இருந்தது. சேரும் நேரம் இருந்தது. நிற்கும் நிமிடமும் கிளம்பும் நேரமும் வெறுமையாக இருந்தன. முப்பத்தொரு வருடத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்ட மனிதர் இல்லை அவர். என்ன இது என்றேன். அப்போதுதான் சொன்னார். மழையுமில்ல, முழங்காலுமில்ல, அவ ஊரைவிட்டுப் போன அன்னிக்கு அந்த வண்டிக்கு நான்தான் நேரம் குறிச்சு அனுப்பினேன், அவளை விட்டுட்டுக் கிளம்புற நேரத்தையும் என் கையாலயே எழுதணுமான்னு உட்கார்ந்தா ஒவ்வொரு தடவையும் பேனா ஓட மாட்டேங்குது என்றார். திரும்பும் நேரம்தான் டிக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறதே என்றேன். அது வேற எவனோ எழுதினது, நான் எழுதலை என்று சொல்லிவிட்டுப் பெட்டியைப் பூட்டினார். என் பெட்டியையும் சேர்த்து.

ஆகவே கண்ணு, வருகிற ஆறாம் தேதி கட்டாயம் வருகிறோம். நீ அன்றைக்கு வேலைக்குப் போகாதே, மேலதிகாரியிடம் இப்போதே சொல்லி வை. எங்களுக்காக ஓடி ஓடி ஒன்றும் ஏற்பாடு செய்யாதே, நேரத்துக்குச் சாப்பிடு, அத்தனை உயரத்தில் கிரேனில் இருக்கும்போது போனை எடுக்காதே. ஷீட்டில் மழையை மட்டும் அப்பா அடிக்கவில்லை. தினமும் அந்த இருபத்தைந்து நிமிடம் நாம் மூன்று பேரும் ஒரே குடையில் எங்கேயாவது ஒதுங்கி நிற்க வேண்டுமாம். எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறக்காதே, விமான நிலைய வாசலில் சும்மா நின்று கையாட்டினால் போதாது, தையல்காரர் அளவுக்காவது ஓடி வா.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா

கடிதம் கிளம்பிய நேரம் காலை 10.10. சேர்ந்த நேரத்தை நீ குறித்துக்கொள். மற்ற கட்டங்கள் காலியாகவே இருக்கட்டும்.
அப்பா